மாமாவின் பம்பும் கமலாக்காவின் அரிக்கன் சட்டியும்

இருபத்தெட்டு வயதில் ஓய்வு பெறுகிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைக்காது. எனக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஹனோவரில் ஓர் ஆற்றுப் பொறியியல் அலுவலகத்தில் எனக்கொரு மேசை காத்திருக்கிறது. ஆற்றைப் பற்றிய வேலை, ஆனால் கால் நனையாது. ரைன் கரைச் சரளை மேட்டில் சனிக்கிழமைதோறும் தமிழ்க் கூட்டத்துக்குப் பொன் அரிக்கக் கற்றுக்கொடுக்கும் இந்த வேலை இனி உங்கள் இருவருக்கும். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸையும் விட்டுவிட்டுப் போகிறேன். இடது காலில் ஓட்டை இருக்கிறது.

தட்டை எப்படிச் சுழற்றுவது, எந்தக் கல்லுக்குப் பின்னால் அள்ளுவது என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதை ஒரே மதியத்தில் கற்றுக்கொள்வீர்கள். ரைனில் கிடைக்கும் பொன் எவ்வளவு சின்னது என்பதையும் அன்றே தெரிந்துகொண்டு, வேறு வேலை தேடலாமா என்றும் யோசிப்பீர்கள். நான் சொல்ல வந்தது, வாடிக்கையாளர் காரின் பின்கதவைத் திறக்கும் அந்த நொடியைப் பற்றி. இந்த வேலையின் மொத்தக் கஷ்டமும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது.

நம் மேட்டுக்கு மாவட்ட அலுவலகம் தந்திருக்கும் அனுமதி எளிமையானது. தட்டு, கைமண்வெட்டி, வாளி, சல்லடை, மணல் கழுவ ஒருவர் தூக்கிப் போகக்கூடிய சின்ன மரவாய்க்கால். அவ்வளவுதான். மோட்டார் கூடாது, ரசாயனம் கூடாது, கரையைக் குடையக் கூடாது, பறவைகள் முட்டையிடும் பக்கம் எட்டியும் பார்க்கக் கூடாது. வேறு ஆற்றில், வேறு மாநிலத்தில் விதி வேறாக இருக்கும். அங்கே போய் மாட்டிக்கொண்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள். நம் மேட்டின் விதியை நான் இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறேன்: கை ஓட்டினால் சரி, தானாக ஓடினால் தப்பு.

இதைச் சொல்லிவிட்டால் போதும் என்றுதான் தொடக்கத்தில் நினைத்தேன். முதல் வாரமே ஒருவர் இலை ஊதும் இயந்திரத்தோடு வந்தார். மணலை ஊதித் தள்ளினால் கனமான பொன் மட்டும் மிஞ்சுமாம். ஐ.டி. கம்பெனிப் பையன்கள் நான்கு பேர், பொன் எங்கே இருக்கிறது என்று காட்டும் செயலியைத் தாங்களே எழுதிக்கொண்டு வந்தார்கள். போன் ஆற்றில் விழுந்தது. அதைத் தேட ஆளுக்கொரு தட்டை வாங்கி அரித்தபோதுதான் அன்று முழுக்க ஒழுங்காக அரித்தார்கள். காந்தம் கொண்டு வந்தவர் உண்டு. எலுமிச்சம்பழம் கொண்டு வந்தவரும் உண்டு. எலுமிச்சைக்குத் தடை இருக்கிறதா என்று அனுமதியைப் புரட்டிப் பார்த்தேன். இல்லை.

நம் முதலாளி இந்த ஊர்ப் பெண்மணி, உங்களுக்கே தெரியும். சேர்ந்த அன்றே எனக்கு ஒன்று சொன்னார்: "விதியைச் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு சொல்லாதே. அந்த முகத்தைப் பார்த்துத்தான் பேரம் பேசத் தொடங்குவார்கள்." நல்ல அறிவுரை. நம் ஆட்கள் முகத்தைப் பார்க்காமலே பேரம் பேசுவார்கள் என்பது பாவம், அவருக்கு அப்போது தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருடம் கோடையில், நம் மேட்டுக்குக் கொஞ்சம் கீழே யாரோ மோட்டார் வைத்துச் சரளையை உறிஞ்சிவிட்டார்கள். நம் ஆட்கள் இல்லை. ஆனால் மாவட்ட அலுவலகத்திலிருந்து வரும் அதிகாரி அம்மா நம் முதலாளியிடம் நேரிலேயே சொல்லிவிட்டார்: இந்தக் கரையில் இன்னொரு மோட்டாரைப் பார்த்தால் குழுக்களுக்கான அனுமதி போய்விடும். உங்கள் வேலை, என் வேலை, முதலாளியின் பிழைப்பு எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை பீலெஃபெல்டிலிருந்து ஒரு கார் வந்து நின்றது.

மூன்று பேர் இறங்கினார்கள். பிரதீபன், கல்யாண மாப்பிள்ளை. அவனுடைய அம்மா கமலாக்கா. கமலாக்காவின் தம்பி. இவரை எல்லோரும் மாமா என்றே கூப்பிட்டதால் நானும் அப்படியே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம்.

பிரதீபன் இறங்கியதும் இறங்காததுமாக விஷயத்தைச் சொன்னான். "அக்கா, நாளைக்குக் காலமை எங்கட வீட்டில பொன்னுருக்கு. இண்டைக்கு எப்பிடியும் கொஞ்சம் பொன் எடுக்க வேணும்."

நான் தமிழ்நாட்டுக்காரி. பொன்னுருக்கு என்றால் என்ன என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் உறவுகள் முன்னிலையில் தாலிக்கான பொன்னை உருக்குவார்களாம். பெண் தர்சிகா ரைன் கரை ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். "எல்லாற்ற தாலியிலும் ஊர்ப் பொன்தான் இருக்கு. என்ர தாலியில நான் பிறந்த இடத்துப் பொன் ஒரு துளியாவது இருக்க வேணும்" என்று அவள் கேட்டிருக்கிறாள். இவன் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டான். கொடுத்ததோடு நிற்காமல் இரண்டு வீட்டாரிடமும் பெருமையாகச் சொல்லியும் விட்டான்.

"வேற நாள் வைக்க முடியாதா?" என்றேன்.

"ஆஸ்பத்திரி டெர்மின் எண்டா மாத்தலாம் அக்கா. இது ஐயர் குறிச்ச நேரம்."

ஜெர்மனியில் எதையும் தள்ளி வைக்கலாம், ஐயர் குறித்ததைத் தவிர. எனக்குப் புரிந்தது. தாலி முழுக்க ரைன் பொன் என்றால் உன் பேரன் கல்யாணத்துக்குத்தான் ஆகும், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு துளி என்றால் பார்க்கலாம் என்றேன். வழக்கம்போல விதிகளைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்காத முகத்தோடு, கொஞ்சம் அதிகமாகவே மிரட்டிச் சொன்னேன். மோட்டார் கூடாது. கரையைக் குடையக் கூடாது. ஆற்றிலோ கரையிலோ எதையும் எறியக் கூடாது, ஒரு பருக்கை குப்பை கூட. கமலாக்கா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அவர் அளவுக்கு என் பேச்சை யாரும் கவனித்துக் கேட்டதில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாமா பின்கதவைத் திறந்தார்.

உள்ளே சுருட்டிய குழாய், கொத்தனார் சாந்து குழைக்கிற மாதிரி ஒரு பெரிய கறுப்புத் தொட்டி, நிலவறைத் தண்ணீர் இறைக்கும் பம்ப். பக்கத்தில் செங்கல் போல ஒரு பேட்டரி.

"அண்ணே, இது கூடாது" என்றேன்.

"மோட்டார்தானே கூடாது எண்டு சொன்னனீர்? மோட்டார் எண்டா பெற்றோலில ஓடுறது. இது பற்றரி. சத்தமே இல்லை. மீனுக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது."

"சத்தம் பிரச்சினை இல்ல அண்ணே. கை ஓட்டினா சரி. தானா ஓடினா தப்பு."

"இந்தியாவில இருந்து வந்து ஜெர்மன்காரனை விட வடிவாச் சட்டம் கதைக்கிறீர் தங்கச்சி. உமக்கு இதெல்லாம் எங்க படிப்பிச்சவை?"

கேலியாகத்தான் கேட்டார். நான் நேராகவே பதில் சொன்னேன். என் அப்பா பாலாற்றில் மாட்டுவண்டிக்கு மணல் அள்ளிப் போட்டவர். அம்மா கைநாட்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, கேட்காதவர்களிடமும் சொல்வேன். அப்பா மண்வெட்டியால் தோண்டிய குழியை அடுத்த வெள்ளம் மூடிவிடும். பிறகு இயந்திரங்கள் வந்தன. அவை தோண்டிய குழியை எந்த வெள்ளமும் மூடவில்லை. எங்கள் தெருக் கிணறு வற்றியது. இரண்டுமே மணல் எடுத்தவைதான், ஒன்றுக்குக் கை வலிக்கும், மற்றதற்கு வலிக்காது, வித்தியாசம் அவ்வளவுதான். வலிக்காத கைக்கு நிறுத்தத் தெரியாது. இதை எனக்கு எந்த ஜெர்மன்காரரும் சொல்லித்தரவில்லை. பல்கலைக்கழகத்தில் பிற்பாடு கணக்குப் போட்டு மெய்ப்பித்துக் காட்டினார்கள், அவ்வளவே.

மாமா கொஞ்சம் அடங்கினார். ஆனால் பம்பைத் தொட்டியோடு இறக்கித் தண்ணீர் ஓரம் வைத்துவிட்டார். "சும்மா இருக்கட்டும். போடமாட்டன். சத்தியம்."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நேரத்தில் என் முன்னால் இருந்த வழிகள் இரண்டு. மூவரையும் திருப்பி அனுப்பிவிடலாம். அனுமதி பிழைக்கும், ஆனால் நாளைக்கு அவன் வெறுங்கையோடு அத்தனை உறவுக்கும் முன்னால் நிற்பான். அல்லது மாமாவின் சத்தியத்தை நம்பலாம். மாமாவின் முகத்தைப் பார்த்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் மருமகனுக்காக எந்தச் சத்தியத்தையும் மீறக்கூடிய நல்ல மனிதர். அப்படிப்பட்டவர்கள்தான் ஆபத்து.

"பம்ப் இருக்கட்டும் அண்ணே. பேட்டரி என் பையில இருக்கும்."

"என்னை நம்பேல்லையோ?"

"உங்கள நம்புறேன். சாயங்காலம் பொன் கிடைக்காம உங்க மருமகன் மூஞ்சி தொங்கும் பாருங்க, அப்போ இருக்கப்போற உங்கள நம்பல."

பிரதீபன், "மாமா, குடுங்கோ" என்றான். மாமா பேட்டரியைக் கழற்றி என் கையில் வைத்தார். "இந்தாரும். பிறகு பொன் இல்லையெண்டு என்னைப் பாக்கக் கூடாது." அதன் கனத்துக்கு அன்று முழுக்க என் தோள்பட்டை சாட்சி.

சத்தியத்தை வாங்காதீர்கள், பேட்டரியை வாங்குங்கள். நான் விட்டுப்போகும் சொத்துகளில் ஓட்டை பூட்ஸுக்கு அடுத்தது இதுதான்.

இதற்குள் கமலாக்கா நம் பிளாஸ்டிக் தட்டை ஆட்டிப் பார்த்து முகம் சுளித்துவிட்டார். "பிள்ளை, இது வழுக்குது. நான் என்ர சட்டியில அரிக்கவோ?" என்று பையிலிருந்து ஓர் அலுமினியப் பாத்திரத்தை எடுத்தார். உட்புறம் முழுக்க வளையம் வளையமாக வரிகள். அரிசியில் கல் அரிக்கும் சட்டி. அரிக்கன் சட்டி என்பார்களாம்.

"இத எதுக்குக்கா கொண்டு வந்தீங்க?"

"பொன் அரிக்கப் போறம் எண்டு சொன்னவன். அரிக்கிறதெண்டா இதுதானே? ஏன், இதுக்கும் தடையோ?"

வாங்கிப் பார்த்தேன். அசந்துவிட்டேன். கனமானது வரிகளில் தங்கும், லேசானது தண்ணீரோடு போகும். நாம் காசு கொடுத்து வாங்கும் தட்டுகளில் ஒரு பக்கம் மட்டும் வரி இருக்கும், இதில் சுற்றிலும் இருந்தது. அனுமதியில் 'கையால் இயக்கும் தட்டு' என்றுதான் இருக்கிறது. எந்தச் சமையலறையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லவில்லை. "தாராளமா அரிங்கக்கா" என்றேன்.

மேட்டின் தலைப்பக்கம் இருக்கும் பெரிய கல், அதுதான் நம் மேட்டிலேயே நல்ல இடம். அங்கே மடக்கு நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். பிரதீபனும் அங்கேயே அள்ளிக் கொடுத்தான். மாமாவின் தொட்டி, உள்ளே செத்த பம்போடு, பக்கத்தில் கிடந்தது. கமலாக்காவின் கையைப் பார்க்க வேண்டுமே! சுழற்றுவதும் கண்ணுக்குத் தெரியாது, சாய்ப்பதும் தெரியாது, தண்ணீர் தானாக விரும்பி வழிவது போல இருக்கும்.

மதியம் தாண்டி அவருடைய வாளியை எடுத்துப் பார்த்தேன். வெறும் வெள்ளை மணல். ஒரு மினுக்கம் கூட இல்லை. இவ்வளவு நல்ல கையில் ஒன்றும் வரவில்லையென்றால் இடம்தான் வறண்டுவிட்டது என்று முடிவு கட்டி, பிரதீபனை மட்டும் கீழ்ப்பக்கம் மாற்றினேன். மாற்றிய இடத்தில் அவனுக்குக் கிடைத்தது கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தெரியும், சுருக்காவிட்டால் தெரியாது. அவன் முகம் தொங்கத் தொடங்கியது. மாமா என் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து மாவட்ட அதிகாரி அம்மா மிதிவண்டியில் வந்து இறங்கினார்.

மாமா பாய்ந்து போய்ப் பம்பின் மேல் தன் சட்டையைப் போட்டு மூடப் பார்த்தார். "மூடாதீங்க அண்ணே!" என்றேன். மூடிய பம்ப் ஓடிய பம்பை விட மோசம். நானே அதிகாரியிடம் போய், இவர் பம்ப் கொண்டு வந்தார், ஓடவில்லை, ஓட முடியாது, பேட்டரி இதோ என்று பையைத் திறந்து காட்டினேன்.

அவர் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. மாமாவைப் பார்த்தார். மாமா சட்டையில்லாமல் நின்றார். "பேட்டரி இல்லாத பம்ப் ஒரு கல்தான்" என்றார் அதிகாரி. "கல்லுக்குத் தடையில்லை." பிறகு கமலாக்காவின் கையிலிருந்ததைக் காட்டி, "அது என்ன?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கமலாக்காவே, "அரிசி கழுவ. பாருங்கோ, செய்து காட்டிறன்" என்று பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாகத் தொடங்கிவிட்டார். ஒரு மண்வெட்டிச் சரளையைப் போட்டார். சுழற்றினார். சாய்த்தார். லேசான மணல் வழிந்து, கீழே பத்திரமாக வைத்திருந்த வாளியில் விழுந்தது. சட்டியின் வரிகளில் கறுப்பு மணல் தங்கியது. அந்தக் கறுப்புக்கு நடுவே, வெயிலில், மூன்று நான்கு மஞ்சள் புள்ளிகள்.

அதிகாரியின் வாய் திறந்தது. என் வாயும் திறந்தது.

கமலாக்கா சட்டியை இடப்பக்கம் கொண்டுபோய் ஒரு தட்டுத் தட்டிக் கவிழ்த்தார். "கல்" என்றார். வாளியைக் காட்டினார். "அரிசி."

"அம்மா!" என்று பிரதீபன் போட்ட சத்தத்தில் எதிர்க்கரை வாத்துகள் எழும்பின. "காலமை தொடக்கம் இப்பிடியே செய்தனீங்கள்?"

"வேற எப்பிடி அரிக்கிறது? வழியிறதை எடுக்கிறது, அடியில நிக்கிறதை எறியிறது. சோத்துக்குள்ள கல்லைப் போடுறதே?"

எத்தனையோ வருடம் அரிசி கழுவிய கை அது. காலையிலிருந்து நம் மேட்டின் அருமையான பொன்னையெல்லாம் ஒன்று விடாமல் பிடித்து, ஒன்று விடாமல் கழித்திருக்கிறது. நானோ அந்த வெறும் வாளியைப் பார்த்து இடத்தின் மேல் பழி போட்டேன். ஆற்றுப் பொறியியலில் முதுகலைப் பட்டம்.

"அக்கா," என்றேன், "எறிஞ்சதெல்லாம் ஆத்துலயா?"

கமலாக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பிள்ளை கதைக்கிறாய்? ஆத்தில ஒண்டும் எறியக் கூடாது எண்டு நீதானே சொன்னனீ? குப்பையெல்லாம் குப்பைக்குள்ளதான் போட்டனான்." இடப்பக்கம் கையைக் காட்டினார்.

மாமாவின் கறுப்புத் தொட்டி.

எட்டிப் பார்த்தேன். செத்த பம்பைச் சுற்றி, அடியில், காலையிலிருந்து சேர்ந்த கறுப்பு மணல் மெத்தை மாதிரி கிடந்தது. அதை நம் சாதாரணத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நானே அரித்தேன். கமலாக்காவைக் கிட்டவே விடவில்லை. தட்டைச் சாய்க்கச் சாய்க்கக் கறுப்பு விலகியது. விளிம்பில் மஞ்சளாக ஒரு கோடு நின்றது, நகத்தால் கீறிய மாதிரி. புள்ளி இல்லை, கோடு. அதிகாரி அம்மா மிதிவண்டித் தலைக்கவசத்தைக் கழற்றாமலே என் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வேலை இருந்திருக்கும், போகவில்லை.

கண்ணாடிக் குப்பிக்குள் அந்தக் கோட்டை ஏற்றிக் கொடுத்தேன். பிரதீபன் மூடியைத் திருகிவிட்டு மறுபடி மறுபடி முகத்துக்கு நேரே பிடித்தான். மூச்சுப் பட்டுக் குப்பி மங்கியது. துடைத்தான். மறுபடி மங்கியது.

"பாத்தீரோ தங்கச்சி," என்றார் மாமா, சட்டையைப் போட்டுக்கொண்டே, "கடைசியில என்ர பம்ப்தான் பொன்னெல்லாம் பிடிச்சது."

அதிகாரிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். நம் அனுமதி அந்த இலையுதிர் காலத்தில் எந்தக் கேள்வியும் இல்லாமல் நீண்டது. நீங்கள் இருவரும் இன்று வேலையில் சேர முடிந்தது அதனால்தான்.

மறுநாள் பிரதீபன் ஒரு வீடியோ அனுப்பினான். வரவேற்பறை நடுவே பத்தர் கரிச்சட்டியில் நெருப்பு மூட்டி ஊதிக்கொண்டிருக்கிறார். கூரையிலுள்ள புகை எச்சரிக்கை மணி அடித்துவிடாமல் இருக்க மாமா நாற்காலி மேல் ஏறி அதைத் துண்டால் பொத்திப் பிடித்திருக்கிறார். பவுன் உருகப் போகிறது. குப்பியிலிருந்ததை ஒரு வெற்றிலையில் தட்டி, மாப்பிள்ளையின் தாயே போடட்டும் என்று கமலாக்காவின் கையில் கொடுக்கிறார்கள். அவர் வெற்றிலையை வாங்கிக்கொண்டு, கை பழக்கத்தில், இலேசாக இடப்பக்கம் திரும்புகிறார்.

வீடு முழுக்க ஒரே குரலில் கத்துகிறது: "எறியாதேங்கோ!"

போட்டுவிட்டார். நெருப்புக்குள்தான். தர்சிகாவின் தாலியில் அது இருக்கிறது.

கல்யாணப் பரிசு போல அவர்கள் அனுப்பிய அரிக்கன் சட்டிகள் மூன்று நம் சாமான் கொட்டகையின் மேல்தட்டில் இருக்கின்றன. குழுக்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் முதல் தடவை எந்தப் பக்கம் கவிழ்க்கிறார்கள் என்று நின்று பார்த்துவிட்டு நகருங்கள். கீழ்த்தட்டில் செங்கல் போல ஒரு பேட்டரி இருக்கிறது. அன்று திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன், மாமாவும் கேட்க மறந்துவிட்டார். இந்தக் கோடையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் உபசரித்து, கொடுத்துவிடுங்கள். அவர் வந்து இறங்கும்போது அல்ல, கிளம்பும்போது.